போனவர் திரும்பவில்லை

அயல் களம் – 9

பான்சி வெல்ஸ் என்.பி.ஏ.வில் பத்து சீசன் ஆடியவர். 2008-ன் கடைசியில் சீனாவின் ஷான்ஷி மாகாண அணிக்கு வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே 48 புள்ளிகள் எடுத்தார். அணியின் ஊரான தையுவான், நிலக்கரியும் உருக்காலைகளும் சூழ்ந்த நகரம். முதலாளி வாங் சிங்ஜியாங்கும் உருக்காலை அதிபர்தான். பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றுவதில் பேர்போனவர். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வெல்ஸ் ஊருக்குக் கிளம்பினார். விடுமுறை முடிந்தது, அணி காத்திருந்தது, வெல்ஸ் வரவேயில்லை. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜிம் யார்ட்லி அந்த சீசனை அணியோடு கழித்து ஒரு புத்தகமே எழுதினார். அதில் இந்தக் காத்திருப்பும் வருகிறது.

சீனக் கூடைப்பந்து வட்டாரத்தில் யாரும் இதைப் பெரிய துரோகமாக எடுத்துக்கொள்ளவில்லை. சீன லீகான சி.பி.ஏ.வுக்குப் போகிற அமெரிக்கர், அறுப்புக்கு வெளியூர் போகிற ஆளைப் போலத்தான். சீசன் குளிர்காலத்தில் தொடங்கும், கோடை வருமுன் முடிந்துவிடும். காசை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். அடுத்த வருடம் அதே அணி அதே ஆளைக் கூப்பிடும் என்ற நிச்சயம் இரு தரப்புக்கும் கிடையாது.

லீகின் அன்றைய விதிகளும் அப்படி. ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து களத்தில் நிற்கிற நேரத்துக்கும் வரம்பு இருந்தது. ராணுவ அணியான பாயி மட்டும் வெளிநாட்டவரைச் சேர்த்ததே இல்லை. மற்ற அணிகள் அந்த இரண்டு இடங்களுக்கும் புள்ளி குவிக்கிற ஆளைத்தான் தேடின. முப்பது புள்ளி எடு, தோற்றால் பழியையும் நீயே சும. வெளிநாட்டவரின் வேலை அவ்வளவுதான்.

சீனாவில் உயரத்துக்குப் பஞ்சமில்லை. யாவோ மிங், வாங் ஷிஷி, மெங்கே பட்டேர், யி ஜியான்லியன் என்று அமெரிக்கா வரை போனவர்களில் பெரும்பாலோர் நெடியவர்கள். பந்தை மேலே கொண்டுபோய், எதிராளியைக் குலைத்து, மற்ற நால்வருக்கும் ஆட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற கார்டுதான் அங்கே அரிது. இந்த இடைவெளிக்குள்தான் 2010 ஜனவரியில் ஸ்டெஃபான் மார்பரி வந்து இறங்கினார். ஊர் அதே தையுவான், முதலாளியும் அதே வாங் சிங்ஜியாங்.

அவரும் மார்ச்சில் மூட்டை கட்டிவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

* * *

மார்பரி 1977-ல் பிறந்தவர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கடலோரமாக இருக்கும் கோனி ஐலண்டில், அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாவது. மூத்த அண்ணன்கள் எரிக், டானி, நார்மன் மூவரும் கல்லூரி அளவில் ஆடியவர்கள். ஒருவரும் என்.பி.ஏ. வாசலைத் தாண்டவில்லை. ஒவ்வொருவரிடமும் அந்த வீடு வைத்த நம்பிக்கை பொய்த்துப் பொய்த்து, கடைசியில் ஸ்டெஃபானின் தலையில் வந்து இறங்கியது. பத்திரிகையாளர் டார்சி ஃப்ரே, கோனி ஐலண்டின் லிங்கன் உயர்நிலைப் பள்ளி அணியைப் பற்றி 1994-ல் வெளியிட்ட புத்தகத்தில், பள்ளிக்குப் புதிதாக வந்து சேர்ந்த இந்தச் சிறுவனும் இருக்கிறான். அந்த வயதிலேயே தன் விலை என்னவென்று தெரிந்தவனாக.

1996-ல் ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஒரே வருடம் ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்கு வந்தார். நான்காவது ஆளாக மில்வாக்கி அணி அவரைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கே மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ரே ஆலனை வாங்கிக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து ஸ்பைக் லீ எடுத்த ‘ஹி காட் கேம்’ படத்தின் நாயகன், கோனி ஐலண்டின் லிங்கன் பள்ளியில் ஆடுகிற இளைஞன். அந்த வேடத்தில் நடித்தவர் ரே ஆலன்!

மினசோட்டாவில் கெவின் கார்னெட்டும் மார்பரியும் ஒரே அணி. இருவருக்கும் இருபதைச் சுற்றிய வயது. பத்து வருடத்துக்கு இந்த ஜோடியை யாரும் அசைக்க முடியாது என்று எழுதினார்கள். மூன்றே சீசன்தான். 1997-ல் கார்னெட்டுக்கு ஆறு வருடங்களுக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதற்குப் பிறகு லீக் கொண்டுவந்த சம்பள உச்சவரம்பால் மார்பரிக்கு அந்தத் தொகையை நெருங்கவே வழியில்லாமல் போயிற்று. 1999 மார்ச்சில் அவர் நியூஜெர்ஸிக்குப் போனார். பொறாமை என்றார்கள் சிலர், ஊர் ஏக்கம் என்றார்கள் சிலர். இரண்டும் இருந்திருக்கலாம்.

ஆட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. 2001 ஆல்ஸ்டார் ஆட்டத்தில் கடைசிக் கால்பாகத்தில் 21 புள்ளி பின்தங்கியிருந்த கிழக்கு அணி 111-110 என்று ஜெயித்தது. கடைசி நிமிடத்தில் விழுந்த இரண்டு மூன்று-புள்ளி வீச்சுகள் மார்பரியுடையவை. 2002-ல் யாவோ மிங்கின் முதல் சீசனில், பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிய ஒரே வெட்டில் அந்த நெடிய மனிதரைத் தரையில் சாய்த்தார். யாவோவுக்காக என்.பி.ஏ. பார்க்கத் தொடங்கிய சீன ரசிகர்களுக்கு அந்தக் காட்சியில்தான் மார்பரியின் முகம் பதிந்தது.

ஆனால் அவரைத் துரத்திய கணக்கு வேறு. நியூஜெர்ஸி 2001-ல் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து ஜேசன் கிட்டை வாங்கியது. அடுத்தடுத்த இரண்டு வருடமும் அந்த அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. ஃபீனிக்ஸ் 2004 ஜனவரியில் அவரை நியூயார்க்குக்கு அனுப்பியது. அந்த சீசனில் 29 ஆட்டங்களே ஜெயித்த அணி, ஸ்டீவ் நாஷ் வந்த அடுத்த சீசனில் 62 ஜெயித்தது. மார்பரி கிளம்பினால் அணிக்கு நல்ல காலம் பிறக்கும் என்ற கேலி இப்படித்தான் கிளம்பியது. அதில் பாதி அநியாயம். கிட்டும் நாஷும் எந்தத் தலைமுறையிலும் எளிதில் கிடைக்காத கார்டுகள். ஆனால் மீதிப் பாதிக்கு மார்பரியிடம் பதில் இல்லை. நியூஜெர்ஸியில் ஆடும்போது, தன்னந்தனியன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்களையும் தன் சட்டை எண் 33-ஐயும் சேர்த்து எழுதிக்கொண்டு களமிறங்கியவர் அவர். கூட ஆடுகிற நால்வருக்கும் அது எப்படி இருந்திருக்கும்!

சொந்த ஊரான நியூயார்க், கதையின் மோசமான அத்தியாயம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்கு எதிராக 31 புள்ளி எடுத்தார். அமெரிக்க ஒலிம்பிக் அணியில் அதுவரை ஒரே ஆட்டத்தில் அத்தனை எடுத்தவர் இல்லை. ஆனால் அணிக்குக் கிடைத்தது வெண்கலம், அமெரிக்காவில் அது அவமானம். பயிற்சியாளர் லாரி பிரவுனோடு அங்கே முளைத்த உரசல், மறுவருடம் அதே பிரவுன் நியூயார்க்கின் நிக்ஸ் அணிக்கு வந்ததும் பத்திரிகைகளில் பகிரங்கச் சண்டையாக நாறியது. அந்த சீசனில் நிக்ஸ் 23 வெற்றி, 59 தோல்வி. பிரவுன் போனார், ஐசாயா தாமஸ் வந்தார். அவரோடும் சண்டை. 2007 டிசம்பரில் நிக்ஸ் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பார்வையாளராக இருந்த மார்பரியின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அன்றிரவே இறந்துபோனார். 2008-ல் மைக் டான்டோனி பயிற்சியாளராக வந்து, இரண்டு கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மார்பரியை ஆடவே விடாமல் உட்காரவைத்தார். 2009 பிப்ரவரியில் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

அந்த வருடங்களில் அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைக் கேலிக்காரர்கள் எளிதில் மறந்தார்கள். 2006-ல் ‘ஸ்டார்பரி’ என்ற பெயரில் கூடைப்பந்து ஷூ கொண்டுவந்தார். விலை 14 டாலர் 98 சென்ட். மற்ற நட்சத்திரங்களின் ஷூ நூறு டாலரைத் தாண்டிப் பறந்த காலம். கோனி ஐலண்ட் போன்ற குடியிருப்புகளில் ஒரு ஜோடி ஷூ அம்மாக்களின் வாரச் சம்பளத்தை எப்படிக் கரைக்கும் என்று தெரிந்தவர், அதே மலிவு ஷூவை மாட்டிக்கொண்டு என்.பி.ஏ.வில் ஆடினார். விற்ற கடைத்தொடர் 2008-ல் திவாலானதும் ஷூவும் நின்றது.

2009 கோடையில் இணையத்தில் மணிக்கணக்காக நேரலையில் உட்கார்ந்தார். பாடினார், அழுதார், தொண்டைக்கு நல்லது என்று வாஸ்லினை எடுத்து விழுங்கினார். அமெரிக்காவே சிரித்தது. வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் அந்த நாட்களில் தனக்கு இருந்ததாகப் பின்னாளில் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். சிரித்தவர்கள் அப்போதாவது யோசித்தார்களா தெரியாது. பாஸ்டன் அணி குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றார்.

* * *

ஷான்ஷிக்கு அவர் வந்ததில் ஷூ வியாபாரக் கணக்கும் உண்டு. ஸ்டார்பரியைச் சீனாவில் விற்கலாம் என்பது திட்டம். ஆனால் 15 ஆட்டங்களில் சராசரி 22.9 புள்ளி, 9.5 அசிஸ்ட். இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். புள்ளிகளைக் குவித்துத் தள்ள வேண்டிய வெளிநாட்டவர், ஆட்டத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் உள்ளூர்க்காரனின் கைக்குப் பந்தைச் சேர்த்து, கூடையில் போடவைத்திருக்கிறார். அந்த வருட ஆல்ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

அடுத்த சீசன் தொடங்கியபோது ஷான்ஷி அவரை வேண்டாம் என்றது. தெற்கே ஃபோஷானுக்குப் போய் ஒரு சீசன் ஆடினார். சொல்லிக்கொள்ள அங்கே அதிகமில்லை.

2011-ல் பெய்ஜிங் டக்ஸ் கூப்பிட்டது. அணியின் உரிமையாளர் ஷோகாங், அரசு உருக்கு நிறுவனம். ஒரு உருக்காலைக்காரர் விட்டதை இன்னொரு உருக்காலை எடுத்துக்கொண்டது! தலைநகரத்து அணி என்ற பெயரே தவிர, 1995-ல் லீக் தொடங்கியதிலிருந்து ஒரு கோப்பைகூட இல்லை. மார்பரிக்கு 34 வயது. மையத்தில் ஆட ராண்டால்ஃப் மாரிஸ் என்ற இன்னொரு அமெரிக்கர் ஏற்கெனவே அங்கே இருந்தார். நிக்ஸில் மார்பரியோடு ஒரே ஓய்வறையைப் பகிர்ந்தவர்தான் அவரும். பயிற்சியாளர் மின் லூலெய்.

அது என்.பி.ஏ. பூட்டிக்கிடந்த இலையுதிர்காலம். முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு. ஜே.ஆர். ஸ்மித், கென்யன் மார்ட்டின், வில்சன் சாண்ட்லர் என்று பெரிய பெயர்கள் சீனாவுக்குப் பறந்தன. என்.பி.ஏ. திறந்தாலும் சீன சீசன் முடியும்வரை கிளம்ப முடியாது என்பது சீனத் தரப்பின் நிபந்தனை. மார்ட்டின் டிசம்பரிலேயே கழன்றுகொண்டார். ஸ்மித் ஆட்டத்துக்கு 34 புள்ளிக்கு மேல் குவித்துவிட்டு, சீசன் முடிந்ததும் நிக்ஸுக்கு ஓடினார். எல்லோருக்கும் ஒரு கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. திரும்பிப் போக இடமில்லாத மார்பரிக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. இந்த ஒரு வித்தியாசம் அந்த சீசனில் எவ்வளவு பெரிதாக வேலை செய்தது என்பதைப் போதுமான பேர் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

பெய்ஜிங் முதல் 13 ஆட்டங்களையும் ஜெயித்தது. வெளிநாட்டவரின் நேரத்துக்கு வரம்பு இருக்கிற லீகில், அவர்களில் ஒருவர் பெஞ்சில் இருக்கும்போது உள்ளூர்க்காரர்கள்தான் அணியைத் தாங்க வேண்டும். புள்ளி மட்டும் எடுக்கிற வெளிநாட்டவர் உட்கார்ந்ததும் அந்த அணி படுத்துவிடும். கார்டு என்றால், ஆடும் நேரத்தில் கூட ஆடுகிறவனுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் உட்கார்ந்த பிறகும் களத்தில் இருக்கும். எந்த இடத்தில் நின்றால் பந்து வரும், திரை கட்டிவிட்டு எந்தப் பக்கம் உருள வேண்டும் என்பதெல்லாம். இடைவேளைகளில் அணியைச் சுற்றி நிற்கவைத்து அவர் பேசுகிற பேச்சைப் பார்த்து ரசிகர்கள் ‘மா கமிசார்’ என்று பட்டம் கொடுத்தார்கள். சீன ராணுவத்தில் வீரர்களின் மனவுறுதியைப் பார்த்துக்கொள்கிற அரசியல் அதிகாரியின் பதவி அது. நியூயார்க்கில் ஓய்வறையைக் கெடுப்பவர் என்று பெயரெடுத்தவருக்கு!

திருந்திய மனிதர் என்று இதற்கு விளக்கம் சொல்வது சுலபம். அமெரிக்கப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. ஆனால் ஆட்டத்தைப் பார்த்தால் அவர் அதிகம் மாறியிருந்ததாகத் தெரியவில்லை. பந்து தன் கையில்தான் இருக்க வேண்டும், கடைசி நிமிடம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அப்படியே இருந்தது. நியூயார்க்கில் அதற்குச் சுயநலம் என்று பெயர். பெய்ஜிங்கில் வேலை விவரமே அதுதான். மாறியது ஒன்று: தோற்ற பிறகு அடுத்த ஊரைப் பற்றி யோசிக்காமல், மறுநாள் காலை அதே ஜிம்முக்குப் போனார்.

அரையிறுதியில் வந்து நின்றது யார் என்றால், ஷான்ஷி. பழைய அணியோடு ஐந்து ஆட்டமும் போய், கடைசி ஆட்டத்தில்தான் பெய்ஜிங் தப்பித்தது. இறுதியில் குவாங்டோங். அதற்கு முந்தைய எட்டு வருடங்களில் ஏழு கோப்பையை வென்ற அணி, அதன் கார்டு என்.பி.ஏ.விலிருந்து வந்த ஆரன் புரூக்ஸ். பெய்ஜிங் வழக்கமாக ஆடுவது ஷோகாங்கின் சிறிய அரங்கில். இறுதிக்காக 2008 ஒலிம்பிக் நடந்த வூகேசோங் பேரரங்குக்கு மாறினார்கள். 2012 மார்ச் 30, ஐந்தாவது ஆட்டம். 124-121. மார்பரி 41 புள்ளி. தொடர் 4-1. மணி அடித்ததும் களத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டவருக்கு அதைக் கொடுப்பதில்லை என்பது அன்றைய வழக்கம். சக கார்டு, தைவான்காரர் லீ ஷுவே-லின் பெற்றுக்கொண்டார். பெய்ஜிங் அதற்கு வேறு வழியில் ஈடு செய்தது. அதே வருடம் வூகேசோங் அரங்குக்கு வெளியே மார்பரிக்குச் சிலை வைத்தார்கள். கோப்பையைத் தேடி எத்தனையோ அமெரிக்கர்கள் கடல் தாண்டியிருக்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே வேற்று நாட்டில் சிலையானவர்கள் எத்தனை பேர்?

அதே குளிர்காலத்தில் நியூயார்க்கில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். மார்பரியை பெஞ்சில் வைத்த அதே டான்டோனி, நல்ல கார்டு இல்லாமல் தவித்து, பெஞ்சின் கோடியில் இருந்த ஜெரமி லின் என்ற இளைஞரை 2012 பிப்ரவரியில் களமிறக்கினார். உலகமே லின் பின்னால் ஓடியது. மார்ச் நடுவில் டான்டோனி பதவி விலகினார். அந்த மாதக் கடைசியில்தான் மார்பரி கோப்பையைத் தூக்கினார்.

2014-ல் ஷின்ஜியாங்கையும் 2015-ல் லியாவ்னிங்கையும் வீழ்த்தி மேலும் இரண்டு கோப்பை. நான்கு சீசனில் மூன்று. 2015-ல் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வந்தது, வயது 38. நடுவே சைனா டெய்லியில் பத்தி எழுதினார். 2014-ல் ‘நான் மார்பரி’ என்ற இசை நாடகம் பெய்ஜிங் மேடை ஏறியது, மார்பரியாக மார்பரியே நடித்தார். நாடகம் எப்படியிருந்தது என்பதைவிட, டிக்கெட் வாங்கி வர ஆள் இருந்தது என்பதுதான் செய்தி. அதே வருடம் பெய்ஜிங்கின் கௌரவக் குடிமகன் ஆனார். நிரந்தரக் குடியிருப்பு அட்டையும் பின்னால் வந்தது. வெளிநாட்டவர்களுக்குச் சீனா கிள்ளிக் கிள்ளித்தான் கொடுக்கிற அட்டை அது.

டக்ஸோடு பிரிவு அத்தனை இனிமையாக இல்லை. 2017-ல் அணி அவரைப் பயிற்சியாளர் குழுவுக்கு நகர்த்தப் பார்த்தது. நாற்பது வயதிலும் ஆட வேண்டும் என்றார். அதே நகரத்தின் இன்னொரு அணியான பெய்கோங்குக்கு மாறினார். வேறு ஊருக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2018 பிப்ரவரி 11 கடைசி ஆட்டம், 20 புள்ளி எடுத்து ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார்.

2019 ஜூனில் பெய்கோங் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. யாரை வைப்பது, யாரை ஊருக்கு அனுப்புவது என்று அவர் தீர்மானிக்க வேண்டிய முறை வந்தது. மறு வருடம் கொரோனாவில் நியூயார்க் தவித்தபோது, சீன உற்பத்தியாளர்களைப் பிடித்து ஒரு கோடி முகக்கவசங்களை அடக்க விலைக்கு அந்த நகரத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய முயன்றார்.

அவர் பயிற்சியாளராக உட்கார்ந்த முதல் சீசனில், நகரத்தின் மறுபக்கம் அவருடைய பழைய டக்ஸ் அணி ஒரு புதிய கார்டைச் சேர்த்தது. டொரண்டோ அணியோடு என்.பி.ஏ. கோப்பை வென்ற கையோடு வந்தவர், தைவான் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர், ஒரு காலத்தில் டான்டோனியின் நிக்ஸில் ஆடியவர். ஜெரமி லின். சீன முகம் கொண்ட அவரை வெளிநாட்டவர் கணக்கில் சேர்ப்பதா, உள்ளூர்க்காரர் கணக்கில் சேர்ப்பதா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்ட கதை அடுத்த வாரம்.

(தொடரும்)